கூடாரமும் ஒரு கச்சேரியும்



இந்த மாதம் பயணக் கதை உண்டு, சமையல் குறிப்பு உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறேன். பொறுமையோடு படியுங்கள்.

‘ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒருத்தி, பாட்டுக் கச்சேரி பார்க்கப் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போனாளாம், கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கினாளாம்’ என்று கேள்விப்பட்டு எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர் மூக்கில் விரலை வைத்தார்கள். நீங்களும் வைக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பாட்டுக் கேட்பது பற்றி நம் வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். கேட்காத வீட்டுக்கு என் மரியாதை என்றும் உண்டு. எங்கள் வாப்பா தையல்காரர். மெஷினுக்குப் பக்கத்தில் ரேடியோ வைத்திருந்தவர். பி. எச். அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் காலை மிதியிலிருந்து எடுத்துவிடுவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் இது பாட்டைப் பற்றிய கதை மட்டும் அல்ல. ஒரு சிநேகிதியைப் பற்றிய கதை.

இரண்டு ஒக்டோபர் முப்பது

நானும் அவளும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்தோம். எங்கள் வீடு சோனகத் தெருவில். அவள் வீடு நடக்கிற தூரத்தில். அவளுடைய அம்மா சட்டை தைக்க எங்கள் வாப்பாவிடம்தான் வருவார். நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும்; பொங்கலன்று அங்கிருந்து பனங்கட்டியும் வாழைப்பழமும் இங்கே வரும். அன்று இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துப் பேசியதில்லை. அயல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரும்படி சொன்னார்கள். அங்கே விடுதலைப் புலிகள் சொன்னது ஒன்றே ஒன்று: இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். நகையும் பணமும் சோதனையிடத்திலே போயின. கையில் கொஞ்சப் பணம், உடுக்க ஓரிரு உடுப்பு. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. சிநேகிதியிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அவளுடைய அம்மாவின் சட்டைத்துணி, வெட்டியது வெட்டியபடி வாப்பாவின் மேசையிலே கிடந்தது.

சரியாக ஐந்து ஆண்டுகள். 1995 ஒக்டோபர் 30. இம்முறை வலிகாமத்துச் சனம் முழுவதற்கும் அறிவிப்பு. இராணுவம் நெருங்குகிறது, தென்மராட்சிக்குப் போங்கள் என்று. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். மழை வேறு. அந்தக் கூட்டத்தில் என் சிநேகிதியும் இருந்தாள், தன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு.

ஒரே திகதி, ஐந்து வருட இடைவெளி. எங்களுக்கு வந்தது அவர்களுக்கும் வந்ததே என்று நான் ஒருநாளும் மனம் ஆறியதில்லை, சகோதரிகளே. ஆறினால் அது மனமே அல்ல. ‘வீட்டை விட்டுப் போ’ என்ற சொல் யார் காதில் விழுந்தாலும் ஒரே மாதிரித்தான் சுடும்.

சைக்கிள் சக்கரத்தில் பாட்டு

புத்தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது கிடுகுக் கொட்டில். ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. பற்றறி வாங்கக் காசு இருக்கும் வாரத்தில் பாட்டு உண்டு. இல்லாத வாரத்தில் இல்லை. 1992இல் ‘ரோஜா’ படம் வந்தது. அதில் ஒரு புதுக்குரல். யாரப்பா இது என்று கேட்க வைத்த குரல். ஹரிஹரன்.

புதுக்குரல் என்றது எங்களுக்குத்தான். 1955இல் திருவனந்தபுரத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த அவர், 1978இலேயே ‘கமன்’ என்ற இந்திப் படத்தில் பாடிவிட்டார். உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் ஹிந்துஸ்தானி இசை கற்றவர். உருது கஸல் பாடுவதில் பேர் எடுத்தவர். தமிழ்ப் படத்துக்கு அவரை அழைத்து வந்தவர் ஏ. ஆர். ரஹ்மான். 1995இல் ‘பம்பாய்’ படத்தில் சித்ராவுடன் அவர் பாடிய பாட்டு எங்கள் முகாமில் எல்லாக் கொட்டிலிலும் கேட்டது. அடுத்த ஆண்டு லெஸ்லி லூயிஸுடன் சேர்ந்து ‘கொலோனியல் கஸின்ஸ்’ என்று ஒரு இசைக்குழுவே தொடங்கினார். இந்திய இசையையும் மேற்கத்தியப் பாட்டையும் ஒன்றாகக் கோத்த குழு அது.

யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பற்றறி கொண்டுபோகவும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். பாட்டுக் கேட்க என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தில் டைனமோவை உரச விட்டு, அதன் வயரை ரேடியோவில் கொடுத்து, மிதியைக் கையால் சுற்றினார்கள். சுற்றுகிற கை ஓய்ந்தால் பாட்டும் ஓயும்.

இதை அவள் எனக்குச் சொன்னது 2002இல். போர் நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்ததும் நான் தேடிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவள் என்னைக் கண்டு பேச்சிழந்து நின்றாள். பிறகு பேசத் தொடங்கினோம், நிறுத்த முடியவில்லை. பேச்சினிடையே, “அந்தப் பம்பாய்ப் பாட்டு கேட்டனியோ?” என்றாள். கேட்டேன் என்றேன். “நான் சுத்துவன், தங்கச்சி கேப்பாள். பிறகு அவள் சுத்துவாள், நான் கேப்பன். முழுப்பாட்டும் ஒரே மூச்சில ஒருநாளும் கேட்டதில்லையடி” என்றாள்.

அன்றே ஒரு பேச்சு விழுந்தது. அந்த மனிதர் என்றைக்காவது இலங்கைக்கு வந்தால், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முழுப்பாட்டையும் கேட்க வேண்டும் என்று. 2006இல் பாதை மறுபடி மூடியது. 2009இல் போர் முடிந்தது. பிள்ளைகள், கடன், நோய், மையித்து, கலியாணம் என்று காலம் ஓடியது. 2024 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, ஹரிஹரன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடுகிறார் என்று அவளிடமிருந்து போன் வந்தது.

“வாறியோ, இல்லையோ?”

இருபத்திரண்டு வருடப் பேச்சு. எப்படி இல்லை என்பது?

பயணமும் கூடாரமும்

என் தம்பி வானோடு வந்தான். என் மகளும் ஒட்டிக்கொண்டாள், அவளுக்குப் பதினாறு. வியாழக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். புத்தளம், அனுராதபுரம், மெதவாச்சி, வவுனியா; அங்கிருந்து நேரே வடக்கு. ஏறக்குறைய 270 கிலோமீற்றர். ஆனையிறவில் உப்பளக் காற்று முகத்தில் அடித்ததும் நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். மகள், “என்ன உம்மா, மணக்குது?” என்று மூக்கைப் பொத்தினாள். எனக்கோ அது ஊர் வாசனை.

சோனகத் தெருவில் எங்கள் வளவில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றினோம். கூரை போய் முப்பது வருடம். சுவரில் பாதி நிற்கிறது. கிணறு இருக்கிறது. திரும்பி வந்து வீடு கட்டிக் குடியேறியவர்களும் உண்டு; எங்களைப் போல ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில் என்று நிற்பவர்களும் உண்டு. மகள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வானில் ஏறினாள்.

கச்சேரி நாட்களில் நகரத்து விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நம் கைக்கு எட்டாது. சிநேகிதி ஒரு வழி சொன்னாள். காரைநகரில் கசூரினாக் கடற்கரைப் பக்கமாக அவளுடைய சொந்தக்காரருக்கு ஒரு வளவு. அதில் கூடாரம் அடிப்போம் என்றாள். பொன்னாலைப் பாலத்தின் மேலே இரண்டு பக்கமும் கடல் விரிய விரியப் போனபோது, என் மகள் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்தாள்.

கூடாரம் என்றதும் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். முகாமில் வாழ்ந்த நமக்குத் தார்ப்பாய்க்குக் கீழே படுப்பது புதிதா என்ன? அன்று வேறு வழியில்லாமல் படுத்தோம். இன்று விரும்பிப் படுக்கிறோம். வித்தியாசம் அதுதான். குடும்பத்தோடு இப்படித் தங்க விரும்புகிறவர்களுக்கு நாங்கள் பட்டு அறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

திறந்த கடற்கரையை விட, தெரிந்தவர்களின் வளவு நல்லது. கிணறும் மலசலகூடமும் வேலியும் இருக்கும். பெண்களுக்கு அதுவே பாதி நிம்மதி. கடல் சூழ்ந்த இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். பனைக்கும் தென்னைக்கும் நேர் கீழே கூடாரம் அடிக்காதீர்கள். மட்டையும் தேங்காயும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. கூடாரத்து முளை மணலில் நிற்காது. தம்பி நான்கு முளையையும் அறைந்து முடிக்க, ஒரு காற்று வந்து நான்கையும் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு அந்த வீட்டுப் பெரியவர் வந்து சிரித்துவிட்டு, அரிசிப் பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைக்கச் சொன்னார். அதன் பிறகு கூடாரம் அசையவில்லை. பூச்சி பொட்டு வராமல் ஸிப்பை எப்போதும் மூடி வையுங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். நுளம்புச் சுருளை மறக்க வேண்டாம். டெங்கு எந்த ஊருக்கும் விலக்கல்ல.

ரஜப் மாதக் கடைசி. நிலவில்லை. நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. சிநேகிதியின் அம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, “வாப்பா எப்பிடி, பிள்ளை?” என்று கேட்டார். மௌத்தாகிப் பத்து வருடம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவர் தைச்ச சட்டை ஒண்டும் எனக்குப் பிழைச்சதில்லை” என்றார்.

முற்றவெளியில் நடந்தது

வெள்ளிக்கிழமை தம்பி பெரிய பள்ளியில் ஜும்ஆ தொழுதான். பின்நேரம் முற்றவெளிக்குப் போனோம். கோட்டைக்கு முன்னால் விரிந்து கிடக்கிற மைதானம் அது. யாழ்ப்பாணத்தார் அந்த இடத்தை ஒரு கலக்கத்தோடுதான் பார்ப்பார்கள். 1974 ஜனவரி 10, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில், அங்கே கூடிய கூட்டத்துக்குள் பொலிஸார் புகுந்ததும் மின்கம்பி அறுந்து விழுந்ததும் உயிர்கள் போனதும் இன்றும் மறக்கப்படவில்லை. நினைவுத்தூண்கள் நிற்கின்றன.

நாங்கள் டிக்கட் எடுத்திருந்தோம், நாற்காலி கிடைத்தது. நமக்குப் பின்னால், கட்டணமில்லாமல் நின்று பார்ப்பவர்களுக்கான பகுதி. இடையில் தடுப்பு. இந்தியாவிலிருந்து சினிமா நட்சத்திரங்களும் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கவே பாதிக் கூட்டம். சனம் வந்துகொண்டே இருந்தது. வாலிபர்கள் மரத்தில் ஏறினார்கள், கம்பத்தில் ஏறினார்கள். பின்னாலிருந்து ஒரு தள்ளல். கொஞ்சம் ஓய்வு. மறுபடி ஒரு தள்ளல். தடுப்பு சாயத் தொடங்கியது.

நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். எங்கள் பாட்டு இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தால் அடங்கிவிடும் என்று மனம் சொன்னது. மகளும் அசைய மாட்டேன் என்கிறாள்.

சிநேகிதி மேடையைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்தாள்.

“எழும்படி. போவம்.”

“இன்னும் பாடவே இல்லையே…”

“சனம் இப்பிடி அலை மாதிரி அசையத் துவங்கினா நிக்கக் கூடாது. நாவற்குழியில நான் பாத்தனான். கால் நிலத்தில இராது. நாங்கள் நடக்கிறேல்ல, சனம் கொண்டு போகும். எழும்பு!”

அவளுடைய குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னை எழுப்பிவிட்டது. தம்பி முன்னால், மகள் நடுவில், நாங்கள் இருவரும் பின்னால். மேடையை நோக்கியும் போகாமல், வந்த வழியே எதிர்த்தும் போகாமல், பக்கவாட்டாக ஒதுங்கி ஒதுங்கி ஓரத்துக்கு வந்தோம். வீதியில் கால் வைத்தபோது பின்னால் பெரும் கூச்சல். தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு சனம் உள்ளே பாய்ந்துவிட்டது. நிகழ்ச்சி இடைநிறுத்தப்பட்டது. அடுத்த நாள் பத்திரிகைகளிலெல்லாம் அதுதான் செய்தி.

மகள் அழுதாள். பயத்தினால் அல்ல, கோபத்தினால். “எல்லாரும் நிக்கிறாங்க, நாம மட்டும் ஓடி வந்தோம்” என்றாள். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கோபம் இருந்தது. வானில் ஏறிக் காரைநகர் போகும் வரை நானும் பேசவில்லை.

ஏன் எழுந்து வந்தது சரி?

வீட்டுக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததும் என் கோபம் வெட்கமாக மாறியது.

நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுத்தான் இறக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி அல்ல. நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள். மூச்சு எடுக்க நெஞ்சு விரிய வேண்டும். முன்னாலும் பின்னாலும் உடல்கள் அழுத்தினால் நெஞ்சு விரியாது. ஒரு சதுர மீற்றர் இடத்தில், அதாவது ஒரு சின்னப் பாயளவு இடத்தில், ஐந்தாறு பேருக்கு மேல் நின்றால் ஆபத்துத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கூட்டம் மனிதர்களாக நடப்பதில்லை, தண்ணீராக அலையடிக்கிறது. யாரும் வேண்டுமென்று தள்ளத் தேவையில்லை.

2022 ஒக்டோபர் 29இல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் 159 பேர் இப்படித்தான் உயிரிழந்தார்கள்; அதிகம் பேர் இளவயதினர். நம்முடைய ஹஜ்ஜில் 2006 ஜனவரியில் ஜமராத்தில் 340க்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள். அதன் பிறகு அந்தப் பழைய பாலத்தை இடித்து, பல மாடிகளாகவும் போக ஒரு வழி, வர ஒரு வழியாகவும் கட்டினார்கள். அப்படியிருந்தும் 2015 செப்டம்பரில் மினாவின் ஒரு தெருவில் மீண்டும் பேரிழப்பு நேர்ந்தது. தூரத்துக் கதை என்று தள்ள வேண்டாம். 2020 மே 21, நோன்பின் கடைசி நாட்கள். கொழும்பு மாளிகாவத்தையில் ஸதகா வாங்கத் திரண்ட நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பெருநாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கலாம் என்று போனவர்கள். அவர்கள் கச்சேரிக்குப் போகவில்லை, சகோதரிகளே.

கந்தூரி, பெருநாள் சந்தை, நிவாரண வரிசை, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கலியாண வீட்டுப் பந்தல் என்று கூட்டம் நமக்கும் உண்டு. இடுப்பில் பிள்ளையும் உண்டு. ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்.

உள்ளே போனதும் முதலில் வெளியே போகும் வழிகளைப் பாருங்கள், ஒன்றல்ல, இரண்டு. தவறிப் போனால் எங்கே சந்திப்பது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். சுவர், தடுப்பு, மேடை விளிம்பு ஆகியவற்றை ஒட்டி நிற்காதீர்கள். அழுத்தம் அங்கேதான் கூடும். பக்கத்திலிருப்பவர் உடல் நம்மேல் நாலாபக்கமும் படத் தொடங்கினால் அதுவே புறப்படும் நேரம். பாட்டு முடியட்டும், பொட்டலம் கிடைக்கட்டும் என்று நிற்க வேண்டாம். நெரிசலில் அகப்பட்டுவிட்டால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது ஓயும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். கைப்பை விழுந்தாலும் செருப்பு கழன்றாலும் குனியாதீர்கள். கத்தி மூச்சை வீணாக்காதீர்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். நீளமான ஷோல் தொங்கினால் இழுபட்டுக் கழுத்தை இறுக்கும், உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

என் சிநேகிதி இதில் ஒன்றையும் புத்தகத்தில் படித்தவள் அல்ல. மழை இரவில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இலட்சம் பேருக்கு நடுவில் நின்று படித்தவள்.

அந்த இரவும் அடுத்த பகலும்

கூடாரத்துக்குத் திரும்பினோம். தம்பி போனில் அந்தப் பம்பாய்ப் பாட்டைப் போட்டுவிட்டான். அவளும் நானும் பாயில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினோம். பாதியில் அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன், பேச்சு வளர்ந்தது. பாட்டு எப்போது முடிந்தது என்று இருவருக்கும் தெரியாது. பேச்சு மட்டும் முடியவில்லை. அவள் தன் பங்குக்கு இழந்தவற்றை அன்றுதான் முழுதாகச் சொன்னாள். அவற்றை இங்கே எழுத அவள் விரும்ப மாட்டாள், நானும் எழுதவில்லை. மகள் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தோம். அவள் தூங்கவில்லை. விடியப் போகிற நேரம் எழுந்து வந்து, “அன்ரி, சொறி” என்று அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒடியல் கூழ். யாழ்ப்பாணத்துக்குப் போய் அது குடிக்காமல் வந்தால் போனதாகக் கணக்கில்லை. அம்மா புதுப்பானை ஒன்றை வாங்கி வைத்திருந்தார். “இதில ஒண்டும் சமைக்கேல்லை, பிள்ளை, உங்களுக்கெண்டுதான்” என்றார். எங்கள் வீட்டில் நண்டு சாப்பிடுவதில்லை என்பதும் அவருக்கு நினைவிருந்தது. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகும்! அதனால் மீனும் இறாலும் மட்டும்.

செய்முறை இதுதான். ஒடியல் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற விட்டு, மேலே தெளிகிற தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கசப்புக் குறையும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய் போட்டு அவிய விடுங்கள். பாதி அவிந்ததும் துப்புரவாக்கிய மீன், மீன் தலை, இறால். செத்தல் மிளகாயை உப்போடு அரைத்துச் சேருங்கள். பழப்புளியைக் கரைத்து ஊற்றுங்கள். கடைசியாக ஒடியல் மாக்கரைசலை ஊற்றிக் கட்டிபடாமல் துழாவுங்கள். தடித்து வரும்போது முருங்கை இலையைத் தூவி இறக்குங்கள். உறைப்பும் புளிப்பும் சரியாக இருந்தால் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வரும், அதுதான் பதம். பனை ஓலையை மடித்துப் ‘பிளா’ கோலி அதில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பார்கள். தனியாகக் குடிக்கிற உணவு அல்ல இது. பானையைச் சுற்றி ஆட்கள் உட்கார வேண்டும்.

திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்கு ஏறி, மன்னார்ப் பாதையால் வந்தோம். 2011இல் திறந்த பாலம் அது. அந்தி நேரம். இரண்டு பக்கமும் கடலேரி. புறப்படும்போது சிநேகிதி என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்திருந்தாள். அவிழ்த்தேன். ஒடியல் மாவும் பனங்கட்டியும்.

“பாட்டுக் கேக்கவே இல்லையே, உம்மா” என்றாள் மகள்.

“அடுத்த முறை கேட்போம்” என்றேன். அடுத்த முறை என்று ஒன்று இருக்க வேண்டுமானால், இந்த முறை எழுந்து வரத்தான் வேண்டியிருந்தது. அதை அவளுக்கு விளக்கவில்லை. விளங்கியிருக்கும்.

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி எங்கோ ஒரு சிநேகிதி இருப்பாள். இடம்பெயர்வில் தவறியவள், கலியாணத்தில் தூரமானவள், ஒரு சின்னப் பேச்சில் விட்டுப்போனவள். கச்சேரிக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு போன் எடுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.